கையொப்பம் வைக்க மறுத்த கிழவர்

1961 செப்ரெம்பர் 12. லண்டன் போ வீதி நீதிமன்றத்தில் 89 வயதுக் கிழவர் ஒருவர் நிற்கிறார். மெலிந்த உடல், வெள்ளைத் தலைமுடி. பக்கத்தில் அவருடைய மனைவி. நீதவான் இருவருக்கும் ஒரு வழி காட்டுகிறார். இனி ஒரு வருடத்துக்கு நன்னடத்தையோடு இருப்போம் என்று பிணை எழுதிக் கையொப்பம் வைத்தால் இப்போதே வீட்டுக்குப் போகலாம். வைக்காவிட்டால் சிறை. கிழவர் மறுத்தார், மனைவியும் மறுத்தார். இருவருக்கும் இரண்டு மாதம் என்று தீர்ப்பு வந்தபோது பார்வையாளர் பக்கம் கொதித்தது. பிறகு மருத்துவச் சான்றிதழைக் காட்டி அதை ஒரு வாரமாகக் குறைத்தார்கள். அவர் பிரிக்ஸ்ரன் சிறைக்குப் போனார், மனைவி ஈடித் ஹொலவே சிறைக்குப் போனார்.

அந்தக் கிழவர் பேர்ட்ரண்ட் ரஸல். கணித மேதை, தத்துவஞானி, 1950இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். நம்மவர்களில் பலருக்கு அவரைக் கடவுள் மறுப்பாளராகவே தெரியும். அந்த ரஸலைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நம்மை இழுத்தது அவர் வைக்க மறுத்த அந்த ஒரு கையொப்பம்தான்.

நாம் கணக்காளர்கள். வணிகவியல் படித்து, அகதியாக வந்து, இந்நாட்டுப் பரீட்சைகளைத் திரும்ப எழுதி, மற்றவர்களுடைய ஐந்தொகைகளைப் பார்த்துச் சோறு தின்கிறோம். ஐந்தொகையின் அடியில் ஒப்பம் வைத்துவிட்டால் அதன்பின் மேலே இருக்கும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பதில் சொல்லவேண்டியவர் ஒப்பமிட்டவரே. இந்நாட்டில் நாம் முதலில் பழகியதும் ஒப்பம்தான். அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை குறித்த நாளில் போய், வரிசையில் நின்று, ஒப்பமிட்டுத் திரும்பவேண்டும். ஒருநாள் பிந்தினால் என்ன நடக்குமோ என்று முதல்நாள் இரவே நித்திரை வராது. அந்தப் பழக்கம் எலும்பில் ஊறிப்போன எமக்கு, நீட்டிய தாளில் ஒருவர் ஒப்பம் வைக்க மறுத்தார் என்று வாசித்தபோது, அவர் யார், ஏன் மறுத்தார் என்று தேடிப் பார்க்கத் தோன்றியது.

ரஸல் 1872 மே 18இல் வேல்ஸில் பிறந்தார். பாட்டனார் ஜோன் ரஸல் பிரபு இரண்டு தடவை பிரித்தானியப் பிரதமராக இருந்தவர். பிள்ளைக்கு நான்கு வயது நிரம்புமுன் தாயும் தமக்கையும் தந்தையும் போய்விட்டார்கள். ரிச்மண்ட் பூங்காவில் இருந்த பாட்டியார் வீட்டில் வளர்ந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். பின்னர் வைற்ஹெட் என்பவரோடு சேர்ந்து கணிதத்தின் அத்திவாரத்தையே தர்க்கத்தால் கட்டியெழுப்பும் மூன்று பெருந்தொகுதிகளை எழுதினார். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்ற இடத்துக்கு வந்து சேரவே அதில் 300 பக்கங்களுக்கு மேல் ஆகிறது. எம்மிடம் அப்படி ஒரு எழுதுவினைஞர் வேலைக்கு வந்தால் மாதமுடிவில் சீட்டுக் கிழிந்துவிடும். அதைவிட வேடிக்கை, அந்நூலை அச்சிட்டால் நட்டம் வரும் என்று பதிப்பகம் கணக்குப் பார்த்ததால் ஆசிரியர்கள் இருவரும் ஆளுக்கு 50 பவுண் கையிலிருந்து கட்டினார்கள். பத்து வருட உழைப்பின் தேறிய வருமானம் சய 50 பவுண்! ரஸல் தன் சுயசரிதையில் இதைப் பதிந்துவைத்திருக்கிறார். அந்த இடத்தில் அவர் எமக்கு நெருக்கமாகிவிட்டார்.

முதலாம் உலக யுத்தம் வந்தபோது கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்தார். 1916இல் ஒரு துண்டுப்பிரசுரத்துக்காக 100 பவுண் தண்டம். பிரசுரத்தில் அவர் பெயர் இல்லை. அதை எழுதியவன் நான்தான் என்று பத்திரிகைக்கு எழுதி, வழக்கைத் தானே வாங்கிக்கொண்டார். தண்டத்தைக் கட்ட மறுக்கவே புத்தகங்களை ஏலத்துக்குக் கொண்டுபோனார்கள். நண்பர்கள் அவற்றை மீட்டார்கள். ட்ரினிற்றிக் கல்லூரி வேலையிலிருந்து நீக்கியது. 1918இல் ஒரு கட்டுரைக்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றுப் பிரிக்ஸ்ரனில் இருந்தார். ஆனால் அது எம்மூர் மறியற்சாலை போன்றது அல்ல. முதலாம் வகுப்புக் கைதியாக வைத்தார்கள். உள்ளே இருந்தபடியே கணிதத் தத்துவம் பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்தார். இந்தச் சலுகையை மறைத்துவிட்டு அவருடைய தியாகத்தை எழுதினால் கணக்குப் பொருந்தாது.

இன்னொன்றையும் மறைக்க முடியாது. ஹிரோஷிமாவுக்குப் பிந்திய மூன்று வருடங்களில், அணுவாயுதத்தைச் சர்வதேசக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவர ரஷ்யா சம்மதிக்காவிட்டால் யுத்தம் என்று அதை மிரட்டலாம் என்ற கருத்தை ரஸல் பேசியும் எழுதியும் இருக்கிறார். அப்போது குண்டு அமெரிக்காவிடம் மட்டுமே இருந்தது. பின்னாளில் எதிராளிகள் இதை எடுத்துக் காட்டியபோது அப்படிச் சொல்லவே இல்லை என்று மறுத்தார். பழைய தாள்கள் கிளறப்பட்டபின், 1959இல் பிபிசி தொலைக்காட்சியில் ஜோன் பிரீமன் நேருக்கு நேர் கேட்டபோது, சொன்னது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டார். கணக்கியலில் இதற்கு முன்னாண்டுச் சீராக்கம் என்று பெயர். பழைய வருடத்துப் பிழையை அழித்துவிட முடியாது. இந்த வருடக் கணக்கில் எல்லோருக்கும் தெரியும்படி பதியவேண்டும். ரஸல் பிந்தித்தான் பதிந்தார், விரும்பிப் பதிந்ததாகவும் தெரியவில்லை. ஆயினும் பதிந்தார்.

அவரைத் திருப்பியது ஐதரசன் குண்டு. 1954 மார்ச் 1இல் பிக்கினித் தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் வலு 15 மெகாதொன். கணித்துவைத்திருந்ததைவிட அது மிகப் பெரிதாக வெடித்தது. தூரக் கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் 23 தொழிலாளர் மேலும் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. அவ்வருடம் நத்தாருக்கு இரண்டு நாள் முன்னர் ரஸல் பிபிசி வானொலியில் பேசினார். எந்தக் கட்சியும் சாராமல், மனித இனத்தில் ஒருவனாக நின்று பேசிய பேச்சு அது. அதற்கு வந்த வரவேற்பைப் பார்த்து, உலகின் பெரிய விஞ்ஞானிகளின் ஒப்பத்தோடு ஓர் அறிக்கை வெளியிட முனைந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போவோம். வரைவை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார் ரஸல். 1955 ஏப்ரலில் ரோமிலிருந்து பாரிஸுக்கு விமானத்தில் வரும்போது, ஐன்ஸ்டீன் காலமானார் என்று விமானி அறிவித்தார். அவருடைய ஒப்பம் இல்லாமல் அந்த அறிக்கைக்குப் பாதிப் பலம்கூட இல்லை. எல்லாம் போயிற்று என்று நொந்தபடி பாரிஸ் விடுதிக்கு வந்தால், அங்கே ஐன்ஸ்டீனின் கடிதம் காத்திருந்தது. சாவதற்கு ஒரு வாரத்துக்கு முன் ஒப்பமிட்டு அனுப்பியிருந்தார். 11 பேர் ஒப்பமிட்ட அந்த அறிக்கை 1955 ஜூலை 9இல் லண்டனில் வெளியானது. ஜப்பானின் யுகாவாவும், இடதுசாரியான ஜோலியோ கியூரியும், அமெரிக்காவின் லைனஸ் போலிங்கும் ஒரே தாளில் ஒப்பமிட்டிருந்தார்கள். அரசாங்கங்கள் மரியாதையோடு அதை வாங்கிக் கோப்பில் போட்டன. குண்டுகள் பெருகிக்கொண்டே இருந்தன.

1958இல் அணுவாயுத ஒழிப்புக்கான இயக்கம் பிரித்தானியாவில் தொடங்கியது. ரஸல் அதன் தலைவர், கனன் கொலின்ஸ் என்ற மதகுரு செயற்குழுவின் தலைவர். ஈஸ்ரருக்கு ஈஸ்ரர் ஓல்டர்மாஸ்ரன் ஆயுத ஆலையை வைத்து ஊர்வலம் போனார்கள். வருடாவருடம் கூட்டம் கூடியது, பத்திரிகைகளில் படமும் வந்தது. ஆனால் ஊர்வலம் ஒரு திருவிழாவாகிப் பழகிவிட்டால் அதைப் பார்த்து எந்த அமைச்சருக்கும் வியர்க்காது. 1960 நவம்பரில், பொலாரிஸ் அணு ஏவுகணை ஏந்திய அமெரிக்க நீர்மூழ்கிகள் ஸ்கொட்லாந்தின் ஹோலி லொக்கில் தரித்து நிற்கும் என்று பிரதமர் மக்மில்லன் அறிவித்தார்.

அதற்குச் சற்று முன்பே ரஸல் தலைவர் பதவியை விட்டு விலகியிருந்தார். சட்டத்தை மீறாமல் நடக்கும் ஊர்வலம் போதும் என்றார் கொலின்ஸ், போதாது என்றார் ரஸல். ரால்ஃப் ஷோன்மன் என்ற அமெரிக்க இளைஞன் ஒரு யோசனையோடு அவரிடம் வந்திருந்தான். அதிலிருந்து பிறந்ததுதான் நூற்றுவர் குழு. மைக்கல் ஸ்கொட் என்ற பாதிரியாரும் ரஸலும் முன்னின்றார்கள்.

நூறு பேர் என்பது வெறும் எண்ணிக்கை அல்ல. சட்டமறுப்புக்கு அழைப்பு விட்டால் அரசு தலைவரைப் பிடித்து உள்ளே போடும், அத்தோடு இயக்கம் படுத்துவிடும். அழைப்பின் கீழ் நூறு பேர் ஒப்பமிட்டால்? பிடிப்பதானால் நூறு பேரையும் பிடிக்கவேண்டும். எமது தொழிலில் இதைப் பங்குடைமை என்போம்: ஒவ்வொரு பங்காளியும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. வரையறுத்த பொறுப்புள்ள கம்பனிக்குள் ஒளிந்துகொள்ள எல்லோரும் வழி தேடும் உலகத்தில், நாடகாசிரியர்களும் ஓவியர்களும் பேராசிரியர்களும் வலிந்து வந்து வரையறையில்லாத பொறுப்பை ஏற்றார்கள்.

முதல் அமர்வுக்கு முன் இன்னொரு நிபந்தனையும் வைத்தார்கள். குறைந்தது 2,000 பேர் வருகிறோம் என்று எழுதித் தந்தால்தான் இறங்குவது. தந்தார்கள். 1961 பெப்ரவரி 18, சனிக்கிழமை, வைற்ஹோலில் பாதுகாப்பு அமைச்சின் முன்னால் ஆயிரக்கணக்கானோர் குளிரில் நிலத்தில் இருந்தார்கள். ரஸலும் அவர்களோடு இருந்தார். கோரிக்கையை அமைச்சின் கதவில் ஒட்டப் பசைநாடாவைப் பாவித்தார்கள். பொலிஸ் அன்று எவரையும் கைதுசெய்யவில்லை. மாலையில் எழுந்து வீடு போனார்கள்.

இங்கே நாம் கொஞ்சம் ஊர்ப்பக்கம் போய் வரவேண்டியிருக்கிறது. அதற்கு இரண்டு நாள் கழித்து, 1961 பெப்ரவரி 20இல், யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தந்தை செல்வநாயகம் தலைமையில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பில்லை, கோரிக்கைகளும் வேறு. ஆனால் இரு இடத்திலும் நிலத்தில் இருந்தவர்கள் காந்தியிடம் கற்றதையே செய்தார்கள். எமது தந்தையார் அப்போது அரசாங்க எழுதுவினைஞர். இருந்தால் வேலை போய்விடும். வீதியின் மறுகரையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று பார்த்ததாகச் சொல்வார். அதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

2009 ஏப்ரலில் எம்மவர்கள் வெஸ்ற்மின்ஸ்ரர் பாலத்தில் இருந்து வீதியை மறித்தபோது நாமும் போயிருந்தோம். ரஸல் இருந்த இடத்திலிருந்து சில நிமிட நடைதூரம். பல்கலைக்கழகப் பிள்ளைகள் தெருவில் இருந்தார்கள், கிழவிகள் இருந்தார்கள். நாம் நடைபாதையில் நின்றோம். அப்போது குடியுரிமை விண்ணப்பம் உள்ளே போயிருந்தது. கைது என்று ஒரு வரி பதிவானால் அதுவும் போகலாம், தொழிற்சங்க அங்கத்துவமும் போகலாம் என்று மனம் வரவு செலவு போட்டுக்கொண்டே இருந்தது. கணக்குப் பிழையில்லை, இப்போது பார்த்தாலும் பிழையில்லை. ஒரு பொலிஸ்காரர் வந்து தள்ளி நிற்கச் சொன்னார், தள்ளி நின்றோம்.

கதைக்குத் திரும்புவோம். ஏப்ரல் 29இல் நூற்றுவர் குழு பாராளுமன்றச் சதுக்கத்தில் இருந்தபோது பொலிஸ் பொறுமையை விட்டது. 826 பேர் கைது. ஓகஸ்ற் 6, ஹிரோஷிமா நாளில், ஹைட் பார்க்கில் ரஸல் தடையை மீறி ஒலிவாங்கியில் பேசினார், பொலிஸ் குறுக்கிட்டது. செப்ரெம்பர் 17இல் ட்ரபல்கர் சதுக்கத்திலும் ஹோலி லொக்கிலும் பெரிய அமர்வு என்று அறிவிப்பு வந்தது. அதற்கு முன்பே நூற்றுவரில் முக்கியமானவர்களை அரசு நீதிமன்றத்துக்கு அழைத்தது. பாவித்த சட்டம் எதுவென்று நினைக்கிறீர்கள்? 1361ஆம் ஆண்டின் சமாதான நீதவான்கள் சட்டம். மூன்றாம் எட்வேர்ட் மன்னர் காலத்தில், பிரான்ஸிலிருந்து திரும்பிய படைவீரர்கள் ஊருக்குள் கலகம் செய்யாதிருக்க எழுதப்பட்டது. ஐதரசன் குண்டுக்கு எதிராக இருந்தவர்களை அடக்க 600 வருடத்துப் பழைய தாள் உதவியது!

அழைக்கப்பட்டவர்களில் 32 பேர் பிணை எழுதாமல் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் நாடகாசிரியர் ரொபேட் போல்ற். மன்னரின் சத்தியப் பத்திரத்துக்கு உடன்பட மறுத்துத் தலையைக் கொடுத்த தோமஸ் மோரைப் பற்றி நாடகம் எழுதிப் புகழ் பெற்றவர். சிறைக்குப் போனபோது அவர் 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா' படத்துக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் சிறைக்கே தேடி வந்து, படம் நிற்கிறது, இத்தனை பேருடைய பிழைப்பு உன் கையில் என்று நெருக்கினார். தண்டனைக்காலம் முடியுமுன் போல்ற் பிணைப் பத்திரத்தில் ஒப்பம் வைத்து வெளியே வந்தார். அது சாகும்வரை அவரை உறுத்தியதாகச் சொல்கிறார்கள். போல்ற்றை எள்ளி நகையாட எமக்கு மனம் வரவில்லை. நடைபாதையில் நின்றவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

ரஸலுக்கு அந்த நெருக்கடி இருந்ததா? இல்லை என்றுதான் சொல்லவேண்டும். 89 வயது, பிரபுப் பட்டம், நோபல் பரிசு. வேலை போகாது, நாடு கடத்தமாட்டார்கள், சிறையில் அடிக்கமாட்டார்கள். அவருடைய பகைவர்கள் இதையே சொன்னார்கள்: கிழவர் விளம்பரம் தேடுகிறார், அமெரிக்கப் பொடியன் அவரை ஆட்டுவிக்கிறான். ஆனால் இதைத் திருப்பியும் பார்க்கலாம். எடுத்தால் குறையாத முதல் ஒருவரிடம் இருக்கிறது. அதை எங்கே போடுகிறார் என்பதே கேள்வி. தன் பெயரின் மதிப்பை அரசுக்கு எதிரான ஒரு தாளில் போட்டார் ரஸல். அவரைச் சிறையில் போட்ட செய்தி உலகமெங்கும் போனது. ட்ரபல்கர் சதுக்க அமர்வைப் பொலிஸ் தடைசெய்திருந்தும், அவர் உள்ளே இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை பல்லாயிரம் பேர் கூடினார்கள். லண்டனில் மட்டும் 1,314 பேர் கைது, ஹோலி லொக்கில் 351 பேர்.

பெரிய விலை கொடுத்தவர்கள் பெயர் தெரியாதவர்களே. அவ்வருடம் டிசம்பர் 9இல் எசெக்ஸில் வெதர்ஸ்ஃபீல்ட் அமெரிக்க விமானத்தளத்தை முற்றுகையிட அழைத்தார்கள். இம்முறை அரசு 1361ஐ மூடிவைத்துவிட்டு அரச இரகசியச் சட்டத்தைத் திறந்தது. குழுவின் அலுவலர்கள் ஆறு பேர்மீது சதி வழக்கு. 1962 பெப்ரவரியில் ஐந்து ஆண்களுக்கு 18 மாதமும் ஹெலன் அலெக்ரான்சா என்ற பெண்ணுக்கு 12 மாதமும் கிடைத்தது. ரஸல் சாட்சிக்கூண்டில் ஏறினார், தானும் அதில் பங்காளி என்றார். அவரை யாரும் குற்றவாளிக்கூண்டில் ஏற்றவில்லை. அழைப்பின் கீழ் நூறு பேர் ஒப்பமிட்டாலும் கடனை யாரிடம் அறவிடுவது என்று அரசே தெரிந்தெடுத்தது. அதற்குப்பின் குழு தளர்ந்தது. 1963 தொடக்கத்தில் ரஸலும் விலகினார். 1968இல் குழு கலைந்தது.

ஒரு வரவு மட்டும் எவரும் எதிர்பாராத இடத்தில் பதிவானது. ரஸல் சிறைக்குப் போன செய்தியைப் பெங்களூரில் ஒரு கோப்பிக் கடையில் இருந்து வாசித்தார்கள் இரு இந்திய இளைஞர்கள், சதீஷ் குமாரும் ஈ. பி. மேனனும். 90 வயதை நெருங்குகிறவர் சிறையில், நாம் கோப்பி குடிக்கிறோமே என்று வெட்கப்பட்டு, 1962 ஜூனில் டில்லியில் காந்தி சமாதியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். கையில் ஒரு சதம் இல்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் கடந்து மொஸ்கோவுக்கும் பாரிஸுக்கும் லண்டனுக்கும் வந்து, ரஸலை வேல்ஸில் அவருடைய வீட்டிலேயே கண்டார்கள். அத்திலாந்திக்கை நடந்து கடக்க முடியாதே! கப்பல் பயணத்துக்கு ரஸல் உதவினார். அவர்கள் வாஷிங்ரன்வரை போய்ச் சேர்ந்தார்கள்.

கியூபா நெருக்கடியின்போது குருஷேவுக்கும் கென்னடிக்கும் ரஸல் தந்தி அடித்தது பலருக்குத் தெரிந்த கதை. குருஷேவ் பகிரங்கமாகவே பதில் எழுதினார். வியட்நாம் யுத்தக் குற்றங்களை விசாரிக்க அவர் கூட்டிய மன்றம் தனியாக எழுதவேண்டியது.

1970 பெப்ரவரி 2இல், 97 வயதில், வேல்ஸில் பென்றின்டைட்ரைத் என்ற சிற்றூரில் சளிக்காய்ச்சலால் இறந்தார். அவர் விருப்பப்படி சமயச் சடங்கு எதுவும் இல்லை. சாம்பலை வேல்ஸ் மலைகளில் தூவினார்கள். விட்டுச்சென்ற சொத்தின் பெறுமதி 69,423 பவுண். தொழிற்பழக்கத்தால் அதையும் தேடிப் பார்த்துவிட்டோம்.

போ வீதி நீதிமன்றம் 2006இல் மூடப்பட்டது. இப்போது அந்தக் கட்டடம் ஒரு ஹோட்டல். 1361ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் இன்னும் சட்டப்புத்தகத்தில் இருக்கிறது. அமைதி காக்கும் பிணையில் ஒப்பமிடச் சொல்லி இங்கிலாந்து நீதவான்கள் இன்றும் தாளை நீட்டுகிறார்கள்.